மாநிலங்களவையில் மாநிலம் எங்கே?

நம் சங்கத்து நண்பர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு ஊர்ச் செய்தியில் தொடங்கி, விடுதிச் சாப்பாட்டில் சற்றே தங்கி, கடைசியில் தில்லி அரசியலில் போய் நிற்கிறது. "லோக் சபையில் மொத்தம் 543 இடம், தமிழ்நாட்டுக்கு 39, நாம் வந்து படித்துக்கொண்டிருக்கும் இந்த உத்தரப் பிரதேசத்துக்கோ 80. இந்தக் கணக்கில் நம் குரல் எப்படி எடுபடும்?" என்று ஒருவர் ஆரம்பித்து வைப்பார். மற்றவர்கள் அதைப் பெருக்கியும் வகுத்தும் பார்ப்பார்கள். விஞ்ஞான மாணவர்களாயிற்றே, எண் ஒன்று கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டோம்.

அந்தக் கணக்கு பிழையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு சபையின் கணக்கு. பார்லிமெண்டில் சபைகள் இரண்டு. லோக் சபை ஜனங்களின் சபை. ஜனங்கள் மிகுந்த இடத்துக்கு அங்கே இடமும் மிகுதி என்பதில் அடிப்படையான அநியாயம் ஒன்றுமில்லை. மாநிலங்கள் மாநிலங்களாகவே வந்து அமர வேண்டிய சபை மற்றொன்று. அதற்குத் தமிழில் 'மாநிலங்களவை' என்று பொருள் விளங்கப் பெயர் வைத்திருக்கிறோம். 1954 ஆகஸ்டில் அதன் தலைவராயிருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 'ராஜ்ய சபை' என்று இந்திப் பெயரை அறிவித்தபோதும் பொருள் அதுதான். பெயரில் இருக்கும் மாநிலம் அவைக்குள் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

இதை ஆராயுமுன் நம் ஆட்சிமுறையின் எலும்புக்கூட்டைச் சற்றே பார்த்துக்கொள்வது நலம். நாம் மேற்கொண்டிருப்பது பார்லிமெண்டு முறை. பார்லிமெண்டின் நம்பிக்கை உள்ளவரையில்தான் மந்திரிசபைக்கு உயிர். ஆனால் பார்லிமெண்டு என்று பொதுப்படச் சொன்னால் போதாது. அரசியல் சட்டத்தின் 75-ஆவது ஷரத்து, மந்திரிசபை லோக் சபைக்குக் கூட்டாகப் பொறுப்புள்ளது என்றே சொல்கிறது. ராஜ்ய சபை மந்திரிசபையைக் கேள்வி கேட்கலாம், கண்டிக்கலாம், கவிழ்க்க முடியாது. அதே சமயம் நாம் கூட்டாட்சியும் வேண்டுமென்று எழுதிக்கொண்டோம். கூட்டாட்சி என்றால், மத்தியில் சட்டம் செய்யும்போது மாநிலங்களின் சம்மதத்துக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். மந்திரிசபையின் உயிர் ஒரு சபையில், மாநிலங்களின் சம்மதம் இன்னொரு சபையில். நடை வேறான இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டியது போன்ற ஏற்பாடு இது.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஜனாதிபதி எந்தச் சபையின் நம்பிக்கையிலும் தொங்கிக்கொண்டிருப்பவர் அல்லர். செனட் சபை அவரை எதிர்த்து எத்தனை முறை கை தூக்கினாலும் அவர் பதவி போவதில்லை. ஆஸ்திரேலியாவிலோ பார்லிமெண்டு முறையும் உண்டு, பலம்பொருந்திய செனட்டும் உண்டு. எண்பது லட்சத்துக்கு மேல் ஜனங்கள் உள்ள நியூ சவுத் வேல்ஸுக்கும், ஆறு லட்சம்கூட நிறையாத டாஸ்மேனியாவுக்கும் இன்று ஆளுக்குப் பன்னிரண்டு செனட்டர்கள். இதனால் என்ன நேர்ந்தது என்பதை 1975-ல் உலகம் கண்டது. பிரதம மந்திரி விட்லாமுக்குக் கீழ்ச்சபையில் பெரும்பான்மை இருந்தது. ஆனால் செனட் அவருடைய செலவு மசோதாக்களை நிறுத்தி வைத்தது. சர்க்காரிடம் பணம் தீரும் நிலை வந்தது. நவம்பர் 11-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பிரதம மந்திரியையே பதவி நீக்கிவிட்டார்! ஜனங்களின் சபையில் பெரும்பான்மை பெற்றவரை வீட்டுக்கு அனுப்பிய அந்தச் செய்கை சரியா தவறா என்று அந்நாட்டில் இன்னமும் விவாதம் ஓய்ந்தபாடில்லை.

நம் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் இத்தகைய மோதலுக்கு முன்கூட்டியே கதவடைத்தார்கள். பண மசோதாவை ராஜ்ய சபை பதினான்கு நாள் வைத்திருக்கலாம், யோசனை சொல்லலாம், அவ்வளவே. மற்றச் சாதாரண மசோதாக்களில் இரு சபைகளும் பிணங்கினால் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். எண்ணிக்கையில் பெரிய லோக் சபையின் கை அங்கே ஓங்கும். 1961-ல் வரதட்சிணைத் தடை, 1978-ல் வங்கிப் பணித் தேர்வாணைய ரத்து, 2002-ல் பயங்கரவாதத் தடுப்பு என்று மூன்று மசோதாக்கள் இப்படித்தான் சட்டமாயின. இந்த ஏற்பாட்டில் நான் குறை காணவில்லை. ராஜ்ய சபை வரவு செலவுத் திட்டத்தையும் தடுக்கக் கூடுமென்றால் எந்த மந்திரிசபையும் நிம்மதியாக ஆறு மாதம் ஆள முடியாது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அது வெறும் பேச்சு மன்றந்தானே!" என்று கையை உதறுவது அவசரம். மாநிலங்களுக்கென்று வைத்த சில பூட்டுகளின் சாவி அந்தச் சபையிடந்தான் இருக்கிறது. மாநிலப் பட்டியலிலுள்ள ஒரு விஷயத்தில் தேசநலனை முன்னிட்டுப் பார்லிமெண்டு சட்டம் செய்ய வேண்டுமானால், வந்து ஓட்டளிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரின் தீர்மானத்தால் ராஜ்ய சபை அனுமதி தர வேண்டும். லோக் சபைக்கு அந்த உரிமை கிடையாது. புதிய அகில இந்தியப் பணி ஒன்றை உண்டாக்கவும் அப்படியே. அரசியல் சட்டத் திருத்தத்துக்கோ கூட்டுக் கூட்டம் என்ற குறுக்கு வழியே இல்லை. இரு சபைகளும் தனித்தனியே நிறைவேற்றினாலன்றி எந்தத் திருத்தமும் செல்லாது.

இந்தக் கடைசி அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு 1989-ஐப் பார்க்கலாம். லோக் சபையில் ராஜீவ் காந்தி சர்க்காருக்கு நானூறுக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள். பஞ்சாயத்துகளுக்காகவும் நகரசபைகளுக்காகவும் இரண்டு திருத்த மசோதாக்கள் அங்கே சுலபமாக நிறைவேறின. கிராமத்துக்கு அதிகாரம் என்றால் யார் மறுப்பார்கள்? ஆனால் மாநில சர்க்காரைத் தாண்டிக்கொண்டு தில்லி நேரே கிராமத்தில் கை வைக்கிறது என்ற ஐயம் பல மாநிலங்களில் எழுந்தது. பஞ்சாயத்துத் தேர்தலையும் மத்தியத் தேர்தல் கமிஷனே நடத்துமென்று மசோதா சொன்னது. அக்டோபரில் ராஜ்ய சபையில் மூன்றில் இரண்டு பங்கு கிட்டாமல் இரண்டும் விழுந்தன. தேர்தல் நெருங்கிய வேளையில் எதிர்க்கட்சிகளின் உள்நோக்கம் முழுவதும் மாநிலப் பற்றே என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். 1992-ல் அதே நோக்கத்தோடு 73, 74-ஆவது திருத்தங்கள் நிறைவேறியபோது, உள்ளாட்சித் தேர்தலை நடத்த ஒவ்வொரு மாநிலத்திலும் தனித் தேர்தல் கமிஷன் என்று விதி மாறியிருந்தது. இன்று நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலை நடத்துவது அந்தக் கமிஷன்தான். ஒரு சபை மறுத்ததனால் ஒரு சட்டம் திருந்தி வந்தது.

தனி மனிதரின் குரலுக்கும் அந்தச் சபை இடமளித்ததுண்டு. 1962-ல் காஞ்சிபுரத்தில் சட்டசபைத் தேர்தலில் தோற்ற அண்ணாதுரை, அதே ஆண்டு ராஜ்ய சபைக்குச் சென்று 1967 வரை அங்கே சென்னை ராஜ்யத்தின் அங்கத்தினராக வீற்றிருந்தார். அவர் கொள்கையை ஏற்பவரும் மறுப்பவரும் நம் சங்கத்திலேயே உண்டு. எனினும் தில்லி விரும்பிக் கேளாத ஒரு பேச்சை, ஒரு மாநிலத்தின் சட்டசபை தேர்ந்தனுப்பிய ஒருவர் தில்லியிலேயே நின்று பேசினார் என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள்.

இப்போது அங்கத்தினர்கள் எப்படி அங்கே போகிறார்கள் என்று பார்ப்போம். சபை கலைவதில்லை, இரண்டு ஆண்டுக்கொரு முறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடம். ஒவ்வொரு முறையும் 6 காலியாகும். சட்டசபை அங்கத்தினர்கள் 234 பேரும் மாற்று ஓட்டு முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு இடத்துக்குப் போட்டியென்றால் 234-ஐ ஏழால் வகுத்து அதற்கு மேல் சிறிது கூட்டினால் வருவது ஜெயிக்க வேண்டிய அளவு. 34 பேர் ஆதரவிருந்தால் ஒருவர் தேறிவிடுவார். சட்டசபையில் சிறுபான்மையாயிருக்கும் கட்சிக்கும் தில்லியில் ஓரிடம் கிடைக்கச் செய்யும் நேர்த்தியான ஏற்பாடு இது. இதில் மாநிலத்தோடு அங்கத்தினரைக் கட்டி வைத்த கயிறு இரண்டு. ஒன்று, அந்த மாநிலத்துச் சட்டசபை அவரைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றொன்று, அவர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும்.

இரண்டாவது கயிறு 2003-ல் அறுந்தது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் 'அந்த மாநிலத்தில்' உள்ள தொகுதி என்றிருந்ததை 'இந்தியாவில்' உள்ள தொகுதி என்று மாற்றினார்கள். ஓரிரு சொல் மாற்றந்தான். அதன் பிறகு குமரி முனையில் வாக்காளராயிருப்பவர் அஸ்ஸாமின் பிரதிநிதியாகலாம். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2006 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு, வசிப்பிடம் அரசியல் சட்டம் விதித்த தகுதியன்று, அதை விதிப்பதும் நீக்குவதும் பார்லிமெண்டின் உரிமை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை மதிக்கிறேன். பார்லிமெண்டு நீக்கலாம் என்றுதான் கோர்ட்டு சொன்னதேயொழிய, நீக்கியது நன்று என்று நாமும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு உதவித்தொகை ஒன்றுக்காக இருப்பிடச் சான்று கேட்டார்கள். ஊரிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு என் தகப்பனார் மூன்று முறை நடந்தார். 'பையன் இங்கே இல்லையே, இருப்பிடம் எப்படி இங்கே ஆகும்?' என்று அவரைக் கேட்டார்களாம். மாதம் சில ஆயிரம் ரூபாய் பெற நான் எந்த மாநிலத்தான் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு மாநிலம் முழுவதற்குமாக ஆறாண்டுக் காலம் பேசப் போகிறவர் அதை நிரூபிக்க வேண்டாம். இதிலுள்ள வேடிக்கை என் தகப்பனாருக்கு அன்று வேடிக்கையாகப் படவில்லை.

மாற்றத்தை ஆதரிப்போரின் வாதங்களையும் கேட்போம். முதலாவது, பழைய விதி பொய்யை வளர்த்தது என்பது. வெளியூர்த் தலைவர்கள் ஏதோ ஒரு வீட்டு முகவரியைக் காட்டிப் பட்டியலில் பெயரை ஏற்றிக்கொண்டார்கள், அந்த நாடகம் எதற்கு என்கிறார்கள். விதியை ஏமாற்றுகிறார்கள் என்பதற்காக விதியையே எடுத்துவிடலாம் என்றால், பரீட்சையில் காப்பியடிப்பதைத் தடுக்கப் பரீட்சையை நிறுத்திவிடலாம். இரண்டாவது வாதம் சற்றுக் கனமானது: யாரைத் தங்கள் பிரதிநிதியாக்குவது என்பது சட்டசபை அங்கத்தினர்களின் விருப்பம், அவர்கள் அயலாரை விரும்பினால் நாம் யார் தடுக்க என்பது. சரி, அவர்கள் விரும்புகிறார்களா? அதே 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ரகசிய ஓட்டையும் எடுத்துவிட்டது. ஓட்டுச் சீட்டைக் கட்சி ஏஜெண்டிடம் காட்டாவிட்டால் அந்த ஓட்டே செல்லாது. பணம் கை மாறுவதைத் தடுக்கவென்று வந்த விதி, நோக்கம் நல்லதே. ஆனால் சீட்டைக் காட்டி ஓட்டளிப்பவர் தம் விருப்பத்தைக் காட்டுகிறார் என்று எப்படிச் சொல்வது? முதல் கயிறும் இவ்வாறு மாநிலத்தின் கையிலிருந்து கட்சித் தலைமையின் கைக்குப் போய்விட்டது.

மூன்றாவது வாதத்தை நம்மவர்களே சொல்லக் கூடும். இந்த மாற்றத்தால் தமிழருக்கு லாபமல்லவா? ப. சிதம்பரம் 2016-ல் மகாராஷ்டிரத்திலிருந்து போனார். நிர்மலா சீதாராமன் ஆந்திரத்திலிருந்தும் பின்பு கர்நாடகத்திலிருந்தும் போனார். எல். முருகன் மத்தியப் பிரதேசத்திலிருந்து போனார். நம் பெயர்களைப் பட்டியலில் காணும்போது மனம் சற்று மகிழத்தான் செய்கிறது. ஆனால் நாகபுரியிலுள்ள ஒரு மாணவன், காவிரியைப் போலத் தன் மாநிலத்துக்கு ஒரு நதி வழக்கு வந்தால் யாரிடம் போய்ச் சொல்வான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்கு வேண்டாத ஒன்றை அவனுக்கு வேண்டுமென்று நாம் சொல்லலாகாது.

இங்கே என்னையே ஒருவர் மடக்கலாம். "நீயே பிழைப்புக்கும் படிப்புக்கும் அயல் மாநிலம் வந்தவன். அயலாருக்குக் கதவைச் சாத்து என்று நீ எழுதலாமா?" என்று. நான் கேட்பது பிறப்பை அன்று, வாசத்தை. பழைய விதி எவனையும் உன் தாய்மொழி எது, உன் பாட்டன் எந்த ஊர் என்று கேட்டதில்லை. வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இங்கே இருக்கிறதா என்று மட்டுமே கேட்டது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் விரும்பினால் விடுதி முகவரியிலேயே பெயரைப் பதிந்துகொள்ளத் தேர்தல் கமிஷன் இடமளிக்கிறது. நான் இங்கேயே வேலை தேடிக்கொண்டு, இந்த ஊர்க் கங்கை வெள்ளத்தையும் வெயிலையும் மின்வெட்டையும் இவர்களோடு பகிர்ந்துகொண்டு வாழ்ந்தால், அந்தச் சபைக்குரிய முப்பது வயது நிரம்பியதும் உத்தரப் பிரதேசத்தின் பிரதிநிதியாக நிற்கப் பழைய விதியிலும் எனக்குத் தடை இருந்திராது. குடியேறியவனுக்கு அது கதவடைக்கவில்லை. குடியேறாமலே பிரதிநிதியாக வருபவருக்குத்தான் அடைத்தது.

வசிப்பிட விதி திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 1985-ல் சேர்த்த பத்தாவது அட்டவணையின்படி கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி ஓட்டளிக்கும் அங்கத்தினர் பதவியை இழக்க நேரும். லோக் சபைக்குப் போலவே ராஜ்ய சபைக்கும் அது பொருந்தும். லோக் சபையில் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம்: அங்கத்தினர்கள் நாளொரு கட்சி தாவினால் மந்திரிசபை நிலைக்காது. ராஜ்ய சபையில் அந்த நியாயம் எங்கே? அங்கே மந்திரிசபை கவிழவே முடியாதே! கவிழ முடியாத இடத்தில் கவிழாமல் காக்க ஒரு கயிறு எதற்கு? தன் மாநிலத்துக்குத் தீங்கென்று கருதும் மசோதாவை எதிர்த்து ஓட்டளிக்கும் உரிமையை மாநிலங்களவை அங்கத்தினரிடமிருந்து பறித்தபின், அந்தச் சபை லோக் சபையின் நிழலாகத்தானே இருக்கும்?

அப்படித்தான் இருக்கிறது. 2014 ஜனவரியில் ஆந்திர சட்டசபை மாநிலப் பிரிவினை மசோதாவை வேண்டாமென்று தீர்மானித்தது. பிப்ரவரியில் ராஜ்ய சபை அதை நிறைவேற்றியது. தெலுங்கானா மக்களின் கோரிக்கை நியாயமானது என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் ஒரு மாநிலச் சட்டசபையின் மறுப்புக்கு மாநிலங்களின் சபையில் கிடைத்த மதிப்பு அவ்வளவுதான். 2020 செப்டம்பர் 20-ஆம் தேதி வேளாண்மை மசோதாக்கள் அங்கே வந்தன. வேளாண்மை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. வியாபாரம் பற்றிய பொதுப் பட்டியல் இனத்தைக் காட்டி மத்திய சர்க்கார் அம்மசோதாக்களைக் கொண்டுவந்தது. எதிர்க்கட்சிகள் ஓட்டுகளை எண்ணும்படி கேட்டன. கேட்டவர்கள் தம் இடத்தில் இல்லையென்று சொல்லப்பட்டது. குரல் ஓட்டிலேயே மசோதாக்கள் நிறைவேறின. எந்த மாநிலத்தார் எப்படி ஓட்டளித்தார்கள் என்ற கணக்கே இல்லாமற் போயிற்று. அடுத்த ஆண்டு முடிவதற்குள் அந்தச் சட்டங்கள் ரத்தாயின. சபைக்குள் எண்ணாத ஓட்டைத் தில்லி எல்லைச் சாலைகளில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து விவசாயிகள் எண்ண வைத்தார்கள்.

ஜெர்மனியின் நடைமுறை இதற்கு நேர்மாறு. அங்கே பண்டஸ்ராட் எனும் மேல்சபையில் அமர்பவர்கள் மாநில மந்திரிகளே. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஜனத்தொகைக்கேற்ப மூன்று முதல் ஆறு ஓட்டு. அவற்றை ஒரே பக்கமாகத்தான் போட வேண்டும். 2002 மார்ச்சில் குடியேற்றச் சட்டத்தின்மேல் ஓட்டெடுத்தபோது பிராண்டன்பர்க் மாநிலத்தின் ஒரு மந்திரி ஆம் என்றார், மற்றொருவர் இல்லை என்றார். சபைத் தலைவர் அதை ஆம் என்றே எண்ணிக்கொண்டார். டிசம்பரில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், மாநிலம் ஒரு குரலில் பேசாததால் அந்த ஓட்டு செல்லாது, ஆகவே சட்டமும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாநிலம் இரண்டு குரலில் பேசியதே அங்கே ஒரு சட்டத்தைச் சாய்த்தது. நம் பதினெட்டுப் பேர் எத்தனை குரலில் பேசினாலும் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த முறையை அப்படியே கொண்டுவர வேண்டுமென்று நான் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்கும் இடமளிக்கும் நம் மாற்று ஓட்டு முறை அதில் அடிபட்டுப் போகும்.

மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சம இடம் வேண்டும் என்ற பழைய கோரிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1971-ல் ராஜமன்னார் குழு அதைக் கேட்டது. சரக்கு சேவை வரிக் கவுன்சிலில் சிக்கிமுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் சமமான ஓட்டு என்பதையும் அறிவோம். ஆனால் ராஜ்ய சபையில் இன்றுள்ள 31-ஐயும் 18-ஐயும் 1-ஐயும் சமமாக்கினால், கொறடாவின் கட்டளைக்குக் கை தூக்குவோர் எண்ணிக்கை மாறுமேயன்றி வேறொன்றும் மாறாது. முதலில் அங்கத்தினர் மாநிலத்தவராகட்டும். எத்தனை பேர் என்பதைப் பிறகு பேசலாம்.

கொறடாவின் கயிற்றை அவிழ்க்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். அது பெரிய வேலை. வசிப்பிட விதியைத் திரும்பக் கொண்டுவரச் சாதாரணச் சட்டமே போதும். அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை: தன் மாநிலத்து வாக்காளரை மட்டுமே ராஜ்ய சபைக்கு நிறுத்துவோம் என்று ஒரு கட்சி இன்றே முடிவு செய்தால் எந்தச் சட்டமும் குறுக்கே வராது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் தங்கள் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரைக் காண நேர்ந்தால், அவர் கடைசியாக ராஜ்ய சபைக்கு ஓட்டளித்து அனுப்பியவர் யார், அவர் பெயர் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, அனுப்பிய பிறகு எத்தனை முறை அவரைச் சந்தித்துப் பேசினார் என்று கேட்டு வாருங்கள். கிடைக்கும் பதில்களை அடுத்த இதழுக்கு எழுதியனுப்பினால் ஆசிரியர் குழு பக்கம் ஒதுக்கும் என்று நம்புகிறேன்.